புவனாவின் இடது கால்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து மழை. பூட்ஸ் காயவில்லை. பயிற்சியில் எட்டாவது வாரம். நிறைவு பரேடுக்கு இன்னும் பத்தொன்பது நாள். முடித்தால் மலேசிய ராணுவம், இல்லாவிட்டால் மறுபடியும் எங்கள் ஊர் குளுவாங்கில் சூப்பர் மார்க்கெட் கல்லா.

செம்பனைத் தோட்டத்துக்குள் 12 கி.மீ. நடை. புவனா நொண்டினாள். பிளட்டூனில் தமிழ்ப் பெண்கள் நாங்கள் இரண்டே பேர், அதனால் சார்ஜன் நூர் எங்களை ஜோடியாகப் போட்டுவிட்டார். ஜோடி என்றால் கக்கூஸ் வரைக்கும் ஜோடி. கடைசி 3 கி.மீ. அவள் பையையும் நானே சுமந்தேன். தோள் மரத்துப்போனது.

ஜூலை 9, புதன்

வாங்க: சோப்பு, பாலிஷ், தைலம் (புவனாவுக்கு).

குளியலறையில் காலைக் காட்டினாள். இடது முழங்காலுக்குக் கீழே வீக்கம். தொட்டால் துடிக்கிறாள். டாக்டரிடம் போகலாம் என்றேன். போனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். ரெங்கம் தோட்டத்தில் அவள் அப்பா, மகள் ராணுவத்தில் சேரப்போகிறாள் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி, கோயிலில் அர்ச்சனையும் செய்துவிட்டாராம்.

"யாருகிட்டயும் சொல்லாத லா. பரேட் முடியட்டும், அப்புறம் ஒடைஞ்சாலும் பரவால்ல."

சரி என்றேன்.

ஜூலை 10, வியாழன்

வெயில். ஓட்டம். புவனா உதட்டைக் கடித்துக்கொண்டே ஓடினாள், ரத்தம் வந்துவிட்டது. மதியம் மீன் கறி, உப்பே இல்லை.

சாப்பிட்டதும் சார்ஜன் நூரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. என் பெயர் வெளியே வராது என்றார். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. துணி துவைத்தேன்.

ஜூலை 11, வெள்ளி

புவனாவுக்கு எக்ஸ்ரே. எலும்பில் கீறல். இன்னும் ஒரு வாரம் ஓடியிருந்தால் முறிந்திருக்குமாம். அப்படியென்றால் நான் செய்தது சரி. சரிதான். ஆனால் நிம்மதியும் இல்லை, வருத்தமும் இல்லை, ஒன்றுமே இல்லை.

அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பெட்டி கட்ட உதவினேன். திருப்பிக் கொடுக்க: சீருடை 3, பூட்ஸ் 2, தொப்பி. யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்றாள். பக்கத்துக் கட்டில்காரியாகத்தான் இருக்கும் என்றாள். நான் சட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

மாலை அணிவகுப்பில் என் பக்கத்து இடம் காலி. நெருங்கி நிற்கச் சொன்னார் சார்ஜன். ஓரடி நகர்ந்தோம். காலி இடம் மறைந்துவிட்டது.

ஜூலை 26, சனி

மழை இல்லை. பரேட் முடிந்தது. நான் ராணுவத்தில். அம்மாவும் அப்பாவும் படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன்.

புவனா வந்திருந்தாள், ஊன்றுகோலோடு. கூட அவள் அப்பா. பக்கத்துக் கட்டில்காரி வந்து வணக்கம் சொன்னாள், புவனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்னப் பத்திதாம்மா வீட்டுல பேச்சு. அத்தன பேருல நீ ஒருத்திதான் காட்டிக்குடுக்கலன்னு புவனா சொல்லுச்சு."

அவள் அம்மா செய்த கேசரியை நீட்டினாள் புவனா. முழுவதும் தின்றேன். இனிப்பாகத்தான் இருந்திருக்கும்.