அது நான்தான் என்று சொல்ல ஆள்

1944 ஐப்பசி, வெள்ளி இரவு.

போன மாதம் வந்த ரேடியோ நாடகத்தில், வறட்சியில் மடையை அடைத்துக் கீழ்வயலைக் காயவிடும் பண்ணைக்காரன் நான்தான். பெயரும் ஊரும் மட்டும் வேறு. நான் அடைத்தது என் தண்ணீர் முறை நாளில். அதை நாடகத்தில் சொல்லவில்லை. கிணற்றில் விழுந்து சாகும் குடியானவன் அவர்கள் கட்டிய கதை. இங்கே யாரும் சாகவில்லை.

மானநஷ்ட வழக்குப் போடலாம் என்று பெரியகுளம் வக்கீலிடம் போயிருந்தேன். "அது நீங்கதான்னு கூண்டுல ஏறிச் சொல்ல நாலு பேரு வேணும்" என்றார்.

இன்று வீரபாண்டி முழுக்க ஆள் தேடி அலைந்தேன். ஒருவரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. ஜவுளிக்கடை ஞானமுத்து முழக்கோலைக் கீழே வைத்தார். "மொதப் பேச்சுலயே அண்ணன்தான்னு தெரிஞ்சு போச்சே. எந்தக் கோர்ட்டுக்குன்னாலும் வாரேன்" என்றார். வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் கருப்பன், நான் கேட்கும் முன்பே சரி என்றான்.

கால் கடுக்கிறது. சாப்பிடும்போது நடந்ததை மனைவியிடம் சொன்னேன். இலையை எடுத்தபடி அவள் கேட்டாள்: "அது நீங்க இல்லன்னு ஒருத்தராவது சொன்னாகளா?"

யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை.

அவளும் சொல்லவில்லை.