கப்பல் பேச்சு

நிலத்துப் பத்திரம் ஒன்றைத் தேடி இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். திறந்ததும் அந்துருண்டை வாடை முகத்தில் அடித்தது. அடியில் உங்கள் கம்பளிக் கோட்டு. மடிப்புக் கலையாமல், ஒரு பொத்தான்கூட அறுந்துபோகாமல், வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கிறது. பத்திரத்தை மறந்துவிட்டு அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் வேறு யாராவது இருந்திருந்தால் என்ன செய்கிறாய் என்று கேட்டிருப்பார்கள். கேட்க ஆள் இல்லாததால் உச்சிப்பொழுது வரை அப்படியே இருந்தேன்.

உங்களுக்கு நான் கடிதமே எழுதியதில்லை. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எட்டாவது வரை படித்த மருமகள் என்பதால் இந்த ஊரில் அதுதான் எனக்கு உத்தியோகம். உங்களுக்கு எழுத வேண்டிய காலம் ஒரு மூன்று மாதம் வந்தது. அப்போது வீம்புக்கு எழுதாமல் இருந்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலேயாவில் குளிரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? மதுரை வரைக்கும் போய் இந்தக் கோட்டை வாங்கி வந்தீர்கள். எனக்கு ஒரு சால்வை. பினாங்கில் கடை வைத்திருந்த உங்கள் தம்பி அங்கே வெயில் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்ததை நான் வாசித்தே காட்டினேன். "அவன் அங்கனயே கெடந்து பழகிட்டான், அவனுக்குத் தெரியாது. கடலத் தாண்டிட்டா குளிருதான்" என்றீர்கள். கடலைத் தாண்டாத மனிதர் தாண்டிய மனிதருக்குச் சொன்ன புத்தி அது.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருடம் இருக்கும். அறுவடை முடிந்ததும் இருவரும் கப்பலில் வாருங்கள், தையில் கிளம்பினால் சித்திரையில் திரும்பிவிடலாம் என்று உங்கள் தம்பி எழுதினார். வானத்தைப் பார்த்து விதைக்கிற நம் கரிசல் ஊருக்கு அது புரியவில்லை. "கப்பலேறிப் போறவன் பொழைக்கப் போவான். இவுக சும்மா சுத்திப் பாக்கப் போறாகளாம்" என்று கிணற்றடியில் சிரித்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. உங்களுக்கு அதெல்லாம் கிடையாது. "ஆமா, சும்மாதான் போறோம். சும்மா போனா கப்பல்ல ஏத்த மாட்டானா?" என்று அவர்களையே திருப்பிக் கேட்டீர்கள்.

பிள்ளை இல்லாத வீடு நம்முடையது. விதைப்பு, அறுப்பு, அண்ணன் வீட்டுக் காதுகுத்து, தங்கச்சி வீட்டு வளைகாப்பு என்று எல்லாமே மற்றவர்களுக்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நமக்குன்னு ஒரு மூணு மாசம்" என்று சொன்னீர்கள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

ஊஞ்சல் கதையை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. நெல் வாங்க வரும் கீழக்கரை மரைக்காயர் பலமுறை கப்பலில் போய் வந்தவர். கடலில் வாந்தி வராமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று அவரிடம் கேட்டீர்கள். "ஊஞ்சல்ல ஆடிப் பழகுங்க மாப்ள. நாப்பது நாள் ஆடுனா கப்பல் ஒங்களுக்குத் தொட்டிலு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மறுநாளே களத்துப் புளியமரத்தில் வண்டிக் கயிறு தொங்கியது. மத்தியானம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நீங்கள் ஆடுவீர்கள். நான் மாட்டேன் என்றேன். "நான் நல்லாருந்து நீ மட்டும் படுத்துட்டேன்னா நான் யாருகிட்டப் பேசிக்கிட்டுப் போறது? ஏறு" என்றீர்கள். நீங்கள் பின்னாலிருந்து தள்ள, முப்பது வயதைத் தாண்டிய நான் பாவாடை கட்டிய பிள்ளை மாதிரிச் சிரித்தேன்.

இருபதாம் நாளோ என்னவோ மரைக்காயர் களத்துக்கு வந்துவிட்டார். நம்மைப் பார்த்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மரத்தின் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. அவர் சொன்னது விளையாட்டுக்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்களுக்கு உறைக்கவில்லை. "எப்புடி, போதுமா இன்னும் வேகம் வேணுமா?" என்று கேட்டீர்கள். "அல்லா கிருபையில நல்லாத்தான் ஆடுறீக" என்று சொல்லிவிட்டு அவர் போனார். நானும் உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் ஊஞ்சலை அவிழ்த்துவிடுவீர்கள்.

இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் அம்மை குத்திக்கொண்டோம். இருவருக்கும் கை வீங்கி, இரண்டு நாள் ஒருவருக்கொருவர் சோறு போட்டுக்கொள்ளக்கூட முடியவில்லை. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தோம். விண்ணப்பப் பாரங்களை எல்லாம் நான்தான் நிரப்பினேன். தொழில் என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டதற்கு, "விவசாயம்னு எழுது. அப்பறம் கொஞ்ச நாளு ஊர் சுத்துறதுன்னும் எழுது" என்றீர்கள். நார்த்தங்காய் ஊறுகாயும் மிளகாய் வற்றலும் ஓலைப்பெட்டியில் கட்டினேன். கருவாடு கட்டப் போனபோதுதான் தடுத்தீர்கள். கப்பலில் இருப்பவர்கள் நம்மைக் கடலில் இறக்கிவிட்டுவிடுவார்கள் என்று உங்களுக்குப் பயம்.

பிறகு பரஸ்தானம் வந்தது. நெடும்பயணம் போகிறவர்கள் நல்ல நேரம் பார்த்து முன்கூட்டியே வீட்டை விட்டு வெளியேறி, வேறொரு வீட்டில் தங்கிக் கிளம்புவது நம் பக்கத்து வழக்கம். அப்படி வெளியேறிவிட்டால் பயணம் முடிகிறவரை சொந்த வாசலை மிதிக்கக் கூடாது. உங்களுக்குப் புதன்கிழமையும் எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் குறித்துக் கொடுத்தார் சோசியர். புதனன்று பெட்டியோடு இராமநாதபுரத்தில் உங்கள் சிநேகிதர் வீட்டுக்குப் போனீர்கள். ஞாயிறு நான் வந்து சேர வேண்டும். செவ்வாய்க்கிழமை ரயில், வெள்ளிக்கிழமை நாகப்பட்டினத்தில் கப்பல்.

சனிக்கிழமை காலையில் எனக்குக் காய்ச்சல் கண்டது. சாயங்காலம் நெஞ்சிலும் முதுகிலும் முத்து முத்தாகப் போட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் குத்தியது பெரியம்மைக்கு. வந்தது சின்னம்மை. அடுத்த வீட்டிலிருந்து உங்கள் அண்ணன் மனைவி வந்து பார்த்தார். உங்களுக்கு மதினி, எனக்கு அக்கா. "ஆத்தா வந்திருக்கா. இனிமே இந்த வீட்டுல பயணப் பேச்சு கூடாது" என்று வாசலில் வேப்பிலையைச் செருகினார். கடைசி பஸ் கண்டக்டரிடம் உங்களுக்குச் சொல்லியனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உச்சியில் நீங்கள் வந்தீர்கள். வாசலுக்கு வராமல் தெருப்படலுக்கு வெளியே நின்றீர்கள். ஜன்னல் வழியாக உங்கள் தலையும் தோளும் மட்டும் எனக்குத் தெரிந்தன.

"எப்புடி இருக்கு?" என்று கேட்டீர்கள்.

"ஆத்தா வெளையாடுறா. நீங்க ஏன் வந்தீக?"

"என்ன செய்யட்டும்னு கேக்கத்தான் வந்தேன்."

"பரஸ்தானம் வச்சாச்சு. திரும்பக் கூடாது. நீங்க போங்க."

"நீ?"

"எனக்காக நிக்க வேணாம். போங்க."

இதை எல்லாப் பெண்களும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் புருஷன் போகக் கூடாது என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொள்வார்கள். நீ இல்லாமல் எனக்கென்ன கப்பல் என்று நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் படலைப் பிடித்திருந்த கையை எடுத்தீர்கள். பிறகு "சரி, வாரேன்" என்றீர்கள். செருப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. வேப்பிலைப் படுக்கையில் அழக்கூடாது, ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று அக்கா அதட்டினார். நான் அழுதேன்.

பினாங்கிலிருந்து மூன்று கடிதம் போட்டீர்கள். ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோன உங்கள் கோணல் எழுத்தில், நீங்களே எழுதியவை. "சுகமாக வந்து சேர்ந்தேன். இங்கே வெயில். கோட்டு பெட்டியில் இருக்கிறது. உன் உடம்புக்கு எப்படி என்று எழுது." மூன்றிலும் கடைசி வரி அதுதான். எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று, புண்ணும் ஆறிவிட்டது. ஊரில் நாலு பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கு எழுதவில்லை.

சித்திரையில் வந்தீர்கள். குளித்துவிட்டு இலை முன்னால் உட்கார்ந்து, முதல் கவளத்துக்கு முன்னாலேயே, "மொத நாள் காலையில எந்திரிச்சுப் பாத்தா..." என்று ஆரம்பித்தீர்கள். முகமெல்லாம் சொல்ல வேண்டும் என்ற ஆசை. "கப்பல் பேச்ச இந்த வீட்டுல எடுக்காதீக" என்றேன். நீங்கள் இலையைப் பார்த்தீர்கள். "சரி" என்றீர்கள். பிறகு ரசத்துக்குக் குழி பறித்தீர்கள்.

என் கோபம் ஒரு மாதம் இருக்கும், போய்விடும் என்றுதான் நான் நினைத்தேன். கோபம் போயும்விட்டது. ஆனால் நீங்கள் அந்தச் சொல்லைக் கட்டளையாக எடுத்துக்கொண்டீர்கள். ஊரார் கேட்டால் "அது என்னத்த, போனோம் வந்தோம்" என்பீர்கள். நாற்பது நாள் ஊஞ்சலாடிய மனிதரா இப்படிப் பேசுகிறார் என்று எனக்கே மனது அடித்துக்கொள்ளும். சொல்லுங்கள் என்று கேட்க வாய் வராது. நாளாக நாளாகக் கேட்பதே வெட்கமாகிவிட்டது.

நாலு வருடம் கழித்து ஆடி அமாவாசைக்கு இராமேசுவரம் போனோமே, நினைவிருக்கிறதா? தீர்த்தமாடிவிட்டுத் தனுஷ்கோடிக்கும் போனோம். துறையில் இலங்கைக் கப்பல் நின்றது. ஆட்கள் மூட்டைகளோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் கப்பலைக் காட்டிக் கையைத் தூக்கினீர்கள், வாயைத் திறந்தீர்கள், என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள், கையை இறக்கிக்கொண்டீர்கள். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். "வெயில் ஏறுது, போவோம்" என்றேன். பின்னால் அந்தத் துறையையே புயல் கொண்டுபோய்விட்டது. அன்றைக்கு ஒரு வார்த்தை போதும், "ம், சொல்லுங்க" என்று. அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு என்ன கேடு வந்தது என்று தெரியவில்லை.

போன மாசியில் நீங்கள் போய்விட்டீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மிச்சமிருந்த வாழையிலைகளைச் சுருட்டிக்கொண்டே அக்கா ஒரு சேதி சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பயணத்தை நிறுத்திவிடும் முடிவோடுதான் வந்தீர்களாம். பஸ் விட்டு இறங்கிய இடத்திலேயே அக்கா மறித்தாராம். "பரஸ்தானம் வச்ச ஆளு திரும்பி வாசல மிதிச்சா அம்மை கண்டவளுக்கு ஆகாது, நீ போறதுதான் அவ உசுருக்கு நல்லதுன்னு நாந்தான் சொன்னேன். நெசமாவா மதினி, நெசமாவான்னு ரெண்டு தடவ கேட்டாரு பாவம். அதான் போனாரு. இல்லேன்னா ஒன்ன விட்டுட்டுப் போற ஆளா?"

"இத ஏன் இம்புட்டு வருசமா எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீதான கப்பல் பேச்ச எடுக்கக் கூடாதுன்ட? அவரும், மதினி அத விட்ருங்கன்னுட்டாரு" என்றார் அக்கா. அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? எல்லார் வாயையும் அடைத்தது நான்.

போன வாரம் கீழத்தெருப் பெண் ஒருத்தி வந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகிறது. புருஷன் மலேயாவுக்கு வரச் சொல்லி எழுதியிருக்கிறானாம். அவளுக்குப் பயம். "கப்பல்ல எப்படி இருக்கும் சின்னம்மா? சின்னய்யா ஒங்ககிட்ட எல்லாம் சொல்லிருப்பாகளே" என்றாள். தெரியாது என்று சொல்ல என்னால் முடியவில்லை. எந்தப் பெண்டாட்டியாவது அப்படிச் சொல்வாளா?

"மொத நாள் காலையில எந்திரிச்சுப் பாத்தா சுத்திலும் தண்ணிதானாம்" என்று ஆரம்பித்தேன். கரை என்ற ஒன்றே இல்லையாம், வெயில் ஏறினால் மீன்கள் கூட்டமாகத் துள்ளுமாம், வயிறு ஒருநாள்கூடப் புரட்டவில்லையாம், பக்கத்துப் படுக்கைக்காரர் நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டு வாங்கித் தின்றாராம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் கண்ணை விரித்துக் கேட்டுவிட்டுத் தெம்பாகப் போனாள். சொன்னதில் எது சரி, எது தப்பு என்று எனக்குத் தெரியாது. நான் ஒன்றைத் தப்பாகச் சொன்னால் பாதியில் நிறுத்தித் திருத்துகிறவர் நீங்கள்.

அன்றிலிருந்து தினமும் உங்கள் பயணத்தில் ஒரு நாளைச் சேர்த்துக்கொண்டு வருகிறேன். நீங்கள் எப்போது எழுந்தீர்கள், எங்கே நின்றீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று நானாக யோசித்து வைக்கிறேன். வேறு வேலையும் இல்லை. இன்று ஆறாம் நாள். கப்பல் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நிற்கிறீர்கள். உங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் இருக்கிறது. அதில் என்னை நிறுத்திப் பார்க்கிறேன். நிறுத்த முடியவில்லை. நானாகக் கட்டுகிற கதையில்கூட நீங்கள் தனியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.