மூன்று மணிக்கு விடிந்த வாசல்

அக்கா, விரலிடுக்கில் கோலமாவு. இதைத் தட்டத் தட்ட ஃபோன் திரையெல்லாம் வெள்ளை. துடைக்க மனம் வரவில்லை.

நான் ஆய்வகத்தில் நைட் டூட்டிக்கு வந்த மூன்றாவது மாதம் ஞாபகம் இருக்கிறதா? பகலில் தூங்குவது எப்படி என்று நான் பார்க்காத வீடியோ இல்லை. கண்ணுக்குக் கறுப்புத் துணி, காதில் மழைச் சத்தம். ஒன்றும் உதவவில்லை. ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் ரத்த மாதிரி எடுத்த இரண்டு டியூப்களில் பெயரை மாற்றி ஒட்டிவிட்டேன். அதே நைட்டில் வார்டு நர்ஸாக இருந்த நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். திட்டாமல் மறுபடி ரத்தம் எடுத்துக் கொடுத்தீர்கள். அன்றே ராஜினாமாக் கடிதத்தை ஃபோனில் எழுதிவைத்தேன்.

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு, நீங்கள் விட்டுப்போன டிபன் பாக்ஸைக் கொடுக்கச் சாலவாக்கத்தில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். கொளுத்தும் வெயில். தலைகுளித்து, வாசல் தெளித்து, பதினைந்து புள்ளிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தீர்கள்! எதிர்வீட்டு அம்மா மாட்டை ஓட்டிக்கொண்டே கேட்டார்.

“இன்னாடி இது, ஊரே சோறு துன்னுட்டுப் படுத்துக்கினு கீது, நீ வாசல் தெளிச்சிக்கினு கீற?”

“என் வூட்ல இப்பதான் விடிஞ்சிது பெரிம்மா. நாஷ்டா துன்ட்டுப் போறியா?”

நான் சிரித்தேன். நீங்கள் புள்ளியிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

“எந்த டூட்டின்னு ஆஸ்பத்திரில சொல்வாங்கடா. எப்ப விடியணும்னு நான்தான் சொல்வேன். கோலம் போடற வரைக்கும் எனக்கு ராத்திரிதான். எவன் கூப்ட்டாலும் எழுந்துக்க மாட்டேன்.”

ஊர் முழுக்க மதியம் சாய்ந்துகொண்டிருக்க, உங்கள் வாசலில் மட்டும் காலை! அன்று சுடச்சுடத் தின்ற இட்லியைப் பற்றி எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

போன மாதம் நாலே நாள் காய்ச்சல், போய்விட்டீர்கள். துக்க வீட்டில் கோலமில்லை. எதிர்வீட்டு அம்மா வெறும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். “மூணு மணி ஆயிடுச்சேடா. அவளுக்கு இன்னும் விடியலயே,” என்றார்.

அந்த வாரமே கடிதத்தை மறுபடி திறந்தேன். நேற்றுவரை அனுப்பத்தான் இருந்தேன்.

இன்று நைட் முடிந்து வந்து, மூன்று மணிவரை ராத்திரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினேன். தூங்கிவிட்டேன் அக்கா! எழுந்து வாசல் தெளித்து ஐந்து புள்ளி வைத்தேன். ஒரே கோணல். தெருவில் போனவர் வண்டியை நிறுத்தினார்.

“இன்னா தம்பி, எதுனா வேண்டுதலா?”

“இல்லண்ணா. இப்பதான் விடிஞ்சிது.”

மாவு விரலாலேயே அந்தக் கடிதத்தை அழித்துவிட்டேன். டூட்டிக்குக் கிளம்ப வேண்டும். கோலத்தை மிதிக்காமல் வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவேன்.