தம்பியின் மூச்சை எண்ணினோம்

அன்புள்ள அம்மா,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தம்பி இப்போது நன்றாக இருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனுக்குக் காய்ச்சல். மூச்சும் வேகமாக வருவதுபோல் இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினால் கிளினிக் பூட்டியிருந்தது. கதவில் ஒட்டியிருந்த அவசர எண்ணுக்கு அப்பா போன் செய்தார். நர்ஸ் எடுத்தார்.

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"வேலைக்குப் போயிருக்காங்க," என்றார் அப்பா. நீ கோபித்துக்கொண்டு போனதிலிருந்து எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறார்.

ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணச் சொன்னார் நர்ஸ். நான் கடிகாரத்தைப் பார்த்து, "ரெடி, ஆரம்பி!" என்றேன். தம்பி போட்டி என்று நினைத்து மூச்சை அடக்கிக்கொண்டான். "மூச்சே விடமாட்டேங்கிறான்!" என்று அப்பா போனில் அலறிவிட்டார்.

நர்ஸ் சிரித்தார். "அவனுக்குத் தெரியாம எண்ணணும், வாத்தியாரம்மா! ஏதாவது கதை சொல்லுங்க."

அப்பாவுக்கு ஏது கதை? நீங்கள் இருவரும் முதன்முதலில் பஸ்ஸில் சண்டை போட்டதைச் சொன்னார். தம்பி வாயைப் பிளந்து கேட்டான். நான் எண்ணினேன். இருபத்தெட்டு.

"இந்த வயசுக்கு அது சரிதான், பயப்பட ஒண்ணுமில்ல," என்றார் நர்ஸ். " காய்ச்சல் மருந்து குடுங்க, காலைல டாக்டர்கிட்ட காட்டுங்க. மூச்சுத் திணறினா மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

திணறவில்லை. வெறும் சளிதான் என்றார் டாக்டர்.

காய்ச்சல் போன பிறகும் தம்பி தினமும் அந்தக் கதையையே கேட்கிறான். அப்பாவும் சலிக்காமல் சொல்கிறார். முடிவை மட்டும், "அம்மா வந்து சொல்லுவா," என்று விட்டுவிடுகிறார்.

உன் மூத்தவள்