பூங்காவில் படைத்த எட்டு

நேற்று இங்கே நொய்கெல்ன் பகுதியில் ஒரு கடையில் யாரோ மசாலாப் போத்தலைக் கீழே போட்டு உடைத்துவிட்டார்கள். கராம்பும் கறுவாவும் ஒன்றாகக் கலந்தது போல ஒரு மணம். அதிலிருந்து சிதறிய மிளகு போன்ற விதையை ஜெர்மன்காரர் பிமென்ட் என்பார்கள். கடைக்காரர் கூட்டி அள்ளும்வரை நகர முடியாமல் நின்றேன். நீ கண்ணை மூடி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மச்சான். அதற்குள் இப்படி வழிமறித்தால் நான் எங்கேதான் சாமான் வாங்குவது?

பல வருடங்களுக்கு முன் அந்த மணத்தை முதலில் எங்கள் அகதி விடுதி அறைக்குக் கொண்டுவந்தவன் நீதான். நீ கோப்பை கழுவிய உணவகத்தின் சமையல்காரர் ஜமைக்காக்காரர். மிளகென்று நினைத்து அந்த விதையைக் கடித்து நீ முகம் சுளித்தாயாம். அவர் சிரித்துவிட்டு ஒரு பொட்டலமே கட்டித் தந்திருந்தார். கூடவே, விளையாட்டுச் சாமான் போல மஞ்சள் நிறத்தில் நாலைந்து குட்டி மிளகாய்கள். துருக்கிக் கடையில் ஒரு முழு மீன் வாங்கி, இரண்டு பக்கமும் கீறி, விதையையும் மிளகாயையும் இஞ்சி, வெங்காயத்தாள், தைம் இலையோடு அரைத்து, தேசிக்காய் பிழிந்து பூசி ஊறவைத்தாய்.

"தலையோடை ஆரும் சுடுறதே? குழம்பு மீனைப் பாழாக்கிறாய்" என்றேன்.

"வாயைப் பொத்திக்கொண்டு கரியைத் தூக்கு."

பூங்காவில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த துருக்கிக் குடும்பங்களின் புகைக்கு நடுவே எங்கள் புகையும் எழுந்தது. தோல் கருகி, கீறல்களில் சாறு கொதித்துக்கொண்டிருந்தபோது யோகன் வந்தான். எங்கள் அறையின் மூன்றாவது கட்டில்காரன். உன் முகத்தைப் பார்க்காமல் அடுப்பையே பார்த்துச் சொன்னான்.

"லண்டனிலையிருந்து உன்ரை மாமா போன் எடுத்தவர். கொம்மா மோசம் போயிட்டாவாம். எட்டு நாளும் கழிஞ்சுதாம்."

"ஆர் கொள்ளி வைச்சது?"

"பக்கத்து வீட்டு ஐயாவாம். ஷெல்லடிக்குள்ளை அவசரமா எரிச்சவையாம். எட்டு ஒண்டும் படைக்கேல்லையாம்."

நீ அம்மாவுக்கு ஒரே பிள்ளை. அகதி வழக்கு முடியாமல் ஊருக்கு என்ன, இந்த நகரைத் தாண்டவே எங்களுக்கு அப்போது அனுமதி இல்லை. நீ கத்தி அழுவாய் என்று நினைத்தேன். நீ மீனைத் திருப்பிப் போட்டாய்.

"இதை வைப்பம்" என்றாய்.

எட்டாம் நாளில் இறந்தவருக்குப் பிடித்த மீன், இறைச்சி எல்லாம் சமைத்துப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது நம் வழக்கம். ஆள் வந்து ஆறுதலாகச் சாப்பிட்டுப் போகட்டும் என்று. நீ அலுமினியத் தாளை விரித்து மீனை முழுதாக வைத்தாய். பக்கத்தில் தண்ணீர் வைத்தாய். சாத்துவதற்குக் கதவு இல்லை. மூன்று பேரும் மீனுக்கு முதுகு காட்டி நின்றோம். எதிரே பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் எங்களை விநோதமாகப் பார்த்தார்கள். உன் தோளில் கை வைக்கக்கூடத் துணிவு வரவில்லை.

அப்போதுதான் கேட்டாய்.

"டேய், அம்மாவுக்கு வயித்துப்புண். உறைப்பு ஏலாது. அந்த மிளகாய்... உறைச்சிருக்குமோ?"

யோகன் புல்லைப் பார்த்தான். நான் "இல்லையடா" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அரைத்ததைத் தொட்டு நக்கிப் பார்த்தவன் நான், நாக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

பிறகு மூவரும் பிய்த்துத் தின்றோம். உனக்குக் கண்ணாலும் மூக்காலும் நீர் ஓடியது. மிளகாய் என்றாய். நாங்களும் மிளகாய் என்றே சொன்னோம்.

அதற்குப் பிறகு நீ கல்யாணம் கட்டினாய், பிள்ளைகளை வளர்த்தாய், என்னோடு எத்தனையோ தரம் சண்டை பிடித்துச் சமாதானமானாய். அந்தக் கேள்வியை மட்டும் மறுபடி கேட்கவில்லை. இப்போது அம்மாவிடமே போய்விட்டாய். முதல் வேலையாக அதைத்தான் கேட்டிருப்பாய். அம்மா என்ன சொன்னார் என்று எனக்குத்தான் இன்னும் தெரியாது.