அடித்தண்ணீர்

செல்வி, என் கண்ணு,

நீ பாதியில் விட்டுப்போன வகுப்பை இப்போது நான் எடுக்கிறேன். தெங்கேராவில் கடைக்கு மேல் மாடியில் அதே கல்லூரி அறை, அதே முதலாண்டுப் பட்டப்படிப்புப் பிள்ளைகள். அமைப்புமுறைச் சிந்தனை. ஒன்று இன்னொன்றைத் தூண்டும், அது சுற்றி வந்து முதலாவதையே பிடிக்கும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டுகிறேன். பாடம் ஆங்கிலத்தில், வம்பு மட்டும் தமிழில். "இன்னிக்கும் சுத்தல்தான்லா" என்று உன்னிடம் முனகியது போலவே என்னிடமும் முனகுகிறார்கள்.

போன வாரம் டிங்கிக் காய்ச்சலை உதாரணமாகக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்? என் தலைக்குள் வேறு எதுவும் இல்லை, செல்வி.

பிள்ளைகள் நன்றாகவே வரைந்தார்கள். மழை இல்லை, குழாய் நின்றது, வீடுகளில் தண்ணீர் சேர்த்தார்கள், கொசு பெருகியது, காய்ச்சல் வந்தது, புகை அடித்தார்கள். புகை அடித்தாயிற்றே என்று எல்லாரும் மூடியைத் திறந்து போட்டார்கள், கொசு மறுபடி வந்தது. வட்டம் மூடியது. அப்போது குமரேசன் எழுந்தான். "மிஸ், இப்படிச் சுத்திப் போட்டா யாருமே தப்பு பண்ணலன்னு ஆயிடுது. அப்ப செல்வி மிஸ் சும்மா செத்தாங்களா?"

பக்கத்துப் பெண் அவன் காலை மிதித்தாள். திங்கட்கிழமை பேசலாம் என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

வீட்டு நிலைமை உனக்குத் தெரிய வேண்டும். உன் கருமாதியன்று சுங்கை ரம்பாயிலிருந்து வந்த பெரியம்மா, பந்தியில் எல்லார் முன்னாலும் உன் அம்மாவை, என் அத்தையை, கேட்டார்: "நீ நெறைச்சு வச்ச தண்ணிதானேடி உன் புள்ளைய வாரிக்கிட்டுப் போச்சு?" ரப்பர்த் தோட்டத்துப் பழக்கம் அது, உனக்குத் தெரியாததா? அடித்தண்ணீர் வற்றக்கூடாது, வற்றினால் லட்சுமி போய்விடுவாள். அத்தை டிரம்மைக் கவிழ்க்காமல் மேலே மேலே ஊற்றுவார். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சுகாதார இலாகாக்காரர் டார்ச் அடித்துக் காட்டினார். அடியில் புழு நெளிந்தது.

அன்றிலிருந்து அத்தை ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்த்து வைப்பதில்லை. செம்பைக்கூடக் கவிழ்த்து விடுகிறார். நேற்று நம் தங்கா பத்து வட்டாரம் முழுக்கக் குழாய் நின்றுவிட்டது. என் கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்கத் தண்ணீர் இல்லாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

திரும்பி வந்து அத்தையை உட்கார வைத்து, காலண்டர் தாளின் பின்பக்கம் அதே வட்டத்தை வரைந்தேன். டிரம்மை மட்டும் விட்டுவிட்டேன். "பாருங்க அத்தை, இது யாரு ஒருத்தராலயும் வந்தது இல்ல."

அத்தைக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் விரலால் அம்புகளைத் தொட்டுக்கொண்டே போனார். "என் டிரம் எங்க?"

பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"வரைம்மா. எங்கக்கா என்னை மட்டும் போட்டா. நீ என்னை மட்டும் விட்டுட்ட. ரெண்டு பேருமா சேந்து என்னைத் தனியாத்தான் வச்சிருக்கீங்க."

வரைந்தேன். அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுதார். நீ போனபின் அவர் அழுதது இப்போதுதான். ஆறுதலாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டார்: "இதுல கொழந்தைய எங்க போட்டிருக்க?"

தாளைச் சுருட்டி எறிந்துவிட்டேன். அப்போதிலிருந்து பிள்ளையின் காலில் சிவப்பாக ஒரு புள்ளி பார்த்தாலும் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். வட்டம் தெரிந்தவள்தான் நான். தெரிந்து என்ன? நீயும்தான் தெரிந்தவள், அந்த வீட்டில்தான் குளித்தாய், அந்த வீட்டில்தான் விழுந்தாய். பாடத்தில் இதற்கு எங்கேயாவது பதில் வைத்திருந்தாயா?

திங்கட்கிழமை குமரேசனுக்கு நான் பதில் சொல்வேன். யாரும் தப்பு செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் படத்தில் நம் வீட்டையும் வரைவேன், அடித்தண்ணீர் சமேதமாக. பக்கத்தில் குழாயை மூடியவர்களையும், புகை அடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காதவர்களையும், டிரம்முக்குள் ஒருநாளும் எட்டிப் பார்க்காத படித்த நம் இருவரையும் வரைவேன். உன் அம்மாவை அதில் தனியாக நிற்க விடமாட்டேன், செல்வி. இது சத்தியம்.

வீட்டில் உனக்கு அண்ணி, வகுப்பில் உன் இடத்தில் நிற்பவள்,
மல்லிகா