மூன்று கை அதிமதுரம்

அன்புள்ள தங்கைக்கு,

தம்பி இன்று காலை கண் விழித்தான். வலது கையைத் தானாகவே தூக்கித் தண்ணீர் கேட்டானாம். தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர் வெளியே வந்து சொன்னார். பிறகு கண்ணாடிக் கதவு வழியாக நானும் பார்த்தேன். கால்கள் இன்னும் அசையவில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பேசு.

நேற்று காய்கறிச் சந்தையில் தக்காளி ஏலம் விட்டுக்கொண்டிருந்தபோது விழுந்திருக்கிறான். குரல் நிற்கவில்லை, கால்தான் மடங்கியது. கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்தபடியே அடுத்த விலையைக் கூவியிருக்கிறான். அவன் சேட்டை தெரிந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். "அண்ணே, நீ உக்காந்துட்டா மட்டும் விலை ஏறிடுமா?" என்று ஒரு வியாபாரி கத்தினாராம். "எந்திரிக்க முடியலடா, கால் எங்க இருக்குன்னே தெரியல" என்று இவன் சொன்னதும் இன்னும் சிரிப்பு. தூக்கப் போனவர் கையில் ஈரத் துணி மாதிரித் தொங்கியபோதுதான் கூட்டம் அடங்கியது.

பக்கவாதம் என்றே நினைத்தோம். இல்லை. பொட்டாசியம் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது, அது இல்லாமல் தசை வேலை செய்யாது, இதயமும் தசைதான் என்றார் டாக்டர். துடிப்பு தாறுமாறாக இருந்தது, நினைவும் தப்பியிருந்தது. என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். பிரஷருக்குக் கொடுத்த நீர் மாத்திரை, வேறு ஒன்றுமே இல்லை என்று நானும் அவன் மனைவியும் ஒரே குரலில் சொன்னோம். பொய் சொல்லவில்லை. அடுப்படியில் இருப்பதை நாம் என்றைக்கு மருந்தில் சேர்த்தோம்?

டாக்டர் விடவில்லை. ஏலம் கூவுகிறவராயிற்றே, தொண்டைக்கு ஏதாவது கொடுத்தீர்களா என்றார். அவள் பெருமையாகவே சொன்னாள்: "கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகுதேன்னு காலைலயும் ராத்திரியும் அதிமதுரக் கஷாயம் வச்சுக் குடுப்பேன் சார். கண்டதையும் வாங்கிக் குடுக்கிறதில்ல."

சற்று நேரத்தில் அவன் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பாக்கெட்டிலிருந்து மென்ற அதிமதுரக் குச்சிகள் உதிர்ந்தன. ஏலம் விடும்போது வாயில் அடக்கிக்கொள்வானாம். சந்தை முழுக்கத் தெரியும், வீட்டுக்குத் தெரியாது. அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

அதோடு முடியவில்லை. நீ பார்சலில் அனுப்பும் தொண்டைப் பொடியையும் தினமும் தேனில் குழைத்துச் சாப்பிட்டிருக்கிறான். சந்தைக் கூட்டாளிதான் சொன்னார். தன் கஷாயத்தை நம்பவில்லை என்று பொண்டாட்டி கோபித்துக்கொள்வாளே என்று கடையிலேயே ஒளித்து வைத்திருந்தானாம். மிளகு, சுக்கு, அதிமதுரம் என்று நீ சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அதிமதுரம் அதிகமானா பொட்டாசியத்தை இறக்கிடும். எப்பவாவது ஒருத்தர் குடுத்திருந்தா தாங்கியிருக்கும். இது தினமும் மூணு பக்கமா போயிருக்கு. நீர் மாத்திரை வேற" என்றார் டாக்டர். குரலை உயர்த்தவே இல்லை. இருமலுக்குக் குழந்தை நாக்கில்கூடத் தடவும் பொருள் அது.

அவள் வீட்டுக்குப் போகவே மாட்டேன் என்கிறாள். உன்னைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: "அவங்களும் பாசத்துலதானே அனுப்பினாங்க." அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

பொடியில் அதிமதுரம் எத்தனை பங்கு என்று டாக்டர் கேட்கிறார். கூட்டாமல் குறைக்காமல் எழுது.

இன்னொன்று. அரைத்ததில் பாதியை நீயே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாய். உனக்கும் பிரஷர் மாத்திரை உண்டு. போன வாரம் மாடி ஏறினால் கால் கெஞ்சுகிறது, வயசாகிறது அண்ணா என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்தப் பொடியை இனி தொடாதே. இதைப் படித்ததும் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள். அங்குள்ள டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்.

தம்பியின் அடுத்த ரத்த முடிவு நாளை மதியம் வரும். துடிப்பு சீரானால் வார்டுக்கு மாற்றுவார்கள். கால்களைப் பற்றி இன்னும் வாக்குத் தரவில்லை. உன் முடிவு எப்போது வரும் என்று கேட்டு எழுது. நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும். இரண்டு பேரும், தங்கச்சி.

உன் அண்ணன்